தடித்த நரம்பைத் தேடி

கை சூம்பத் தொடங்கும்போது முதலில் தெரிவது பெரிய விஷயமாக இருப்பதில்லை. சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படாது. பூட்டில் சாவி நுழையும், திரும்பாது. தையற்காரருக்குக் கத்தரிக்கோல் கனக்கும். வலி கிடையாது, மரத்துப்போவதும் கிடையாது. அதனாலேயே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடுவார்கள். யாராவது 'நரம்புத் தளர்ச்சி' என்பார்கள். பி12 ஊசி வரிசையாகப் போடப்படும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் இருக்கும் சதை குழி விழுந்த பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் வந்து உட்காருவார்கள்.

மேசைமேல் நீட்டப்பட்ட அந்தக் கையைப் பார்த்ததுமே மருத்துவர் மனத்தில் இரண்டு பெயர்கள் எழும். ஒன்று ஏ.எல்.எஸ். எனப்படும் மோட்டார் நியூரான் நோய். மற்றது எம்.எம்.என். எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் 'மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி'. தொடக்க நாட்களில் இரண்டுக்கும் ஒரே முகம்: ஒரு பக்கக் கையில் பலம் குறையும், சதை துடிக்கும், தொடு உணர்ச்சி மட்டும் பழுதில்லாமல் இருக்கும். ஆனால் முதல் நோய்க்காரர் மூன்று ஆண்டுகளில், அதிகம் போனால் ஐந்து ஆண்டுகளில், மூச்சுத் தசைகளும் ஓய்ந்துபோகும் நிலைக்கு வந்துவிடக்கூடும். இரண்டாவது நோய்க்காரருக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தைச் சிரைவழி ஏற்றினால் சில வாரங்களில் சாவி மீண்டும் திரும்பும். இந்த இரண்டையும் பிரித்தறிவதில் நரம்பு அல்ட்ராசவுண்ட் எவ்வளவு கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஏ.எல்.எஸ். நோயை 1869 முதல் பாரிஸில் விரிவாக எழுதிவைத்தவர் ழான் மார்ட்டின் ஷார்கோ. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஆணை கொண்டுவரும் மேல் நரம்பணுக்களும், அங்கிருந்து தசைக்குப் போகும் கீழ் நரம்பணுக்களும் ஒருசேர அழிவதே இந்நோய். அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு 1939-இல் இது உறுதியானது. இரண்டே ஆண்டில் இறந்தார். ஸ்டீஃபன் ஹாக்கிங் 1963 தொடங்கி 2018 வரை இதனோடு வாழ்ந்தது அரிதிலும் அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் இரண்டு பேருக்குப் புதிதாக வருகிறது என்பது மேலை நாட்டுக் கணக்கு. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது. எஸ்.ஓ.டி.1 மரபணுக் கோளாறு உள்ள சிறு பிரிவினருக்கு 2023-இல் டோஃபர்சென் வந்தது. மற்றவர்களுக்கு நோயின் போக்கைத் திருப்பும் மருந்து இன்னும் இல்லை.

எம்.எம்.என். தனி நோயாக அடையாளம் பெற்றது 1988-இல்தான். மோட்டார் நியூரான் நோய் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த சிலரிடம் நரம்பின் நடுவழியில் மின்சமிக்ஞை தடைபட்டு நிற்பதையும், ஜி.எம்.1 என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்கள் இரத்தத்தில் இருப்பதையும் அமெரிக்க மருத்துவர்கள் அந்த ஆண்டில் எழுதினார்கள். நோயின் வரலாறே ஒரு தவறான முத்திரையைக் கிழித்ததில்தான் தொடங்குகிறது. லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும் அபூர்வ நோய் இது. பெரும்பாலும் ஆண்களுக்கு, நாற்பது வயதை ஒட்டி வரும். எதிர்ப்பொருள் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் அகப்படும். ஆகவே இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதை வைத்து இந்நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. நரம்பு அழற்சி என்றாலே கைக்கு வரும் ஸ்டீராய்டு இந்நோயில் பயன்தராது. சிலருக்கு நிலைமை மோசமும் ஆகும்.

கைதேர்ந்த கண்களுக்குச் சில வித்தியாசங்கள் தொடக்கத்திலேயே தெரியும். எம்.எம்.என். நோயில் பலம் போன அளவுக்குச் சதை வற்றியிருக்காது; கை பார்க்க முழுசாக இருக்கும், வேலை செய்யாது. ஒரு குறிப்பிட்ட நரம்பு இயக்கும் தசைகள் மட்டும் தளர்ந்து, பக்கத்து நரம்பின் தசைகள் நன்றாக இருக்கும். ஏ.எல்.எஸ். நோயில் பெருவிரல் பக்கத்துச் சதை கரைந்துபோன பிறகும் சுண்டுவிரல் பக்கத்துச் சதை மிஞ்சி நிற்பதுண்டு. 'பிளவுபட்ட கை' என்றே அதற்குப் பெயர். தசைநாண் தட்டலில் கை துள்ளினால், அதுவும் சூம்பிய கை துள்ளினால், மேல் நரம்பணு அழிகிறது என்று பொருள். ஆனால் முதல் ஆறு மாதத்தில் இந்த அடையாளங்கள் பாதிதான் வெளிப்பட்டிருக்கும். அந்த ஆறு மாதத்தில்தான் சோதனைகளின் உதவி தேவைப்படுகிறது.

இதுவரை அந்த வேலையைச் செய்துவந்தவை இரண்டு மின்சோதனைகள். நரம்புக் கடத்தல் சோதனையில் மணிக்கட்டிலும் முழங்கையிலும் அக்குளிலும் நரம்புக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, தசை எவ்வளவு வலுவாகப் பதில் சொல்கிறது என்று அளப்பார்கள். மணிக்கட்டில் கொடுத்தால் முழுப் பதிலும், முழங்கையில் கொடுத்தால் பாதிக்கும் குறைவான பதிலும் வந்தால் இடையில் எங்கோ தடை இருக்கிறது. எம்.எம்.என். நோயின் கையெழுத்து அது. அடுத்தது ஈ.எம்.ஜி. ஊசியைத் தசைக்குள் செலுத்தி, நரம்பிழந்த தசை நார்கள் தாமாகத் துடிக்கும் மின்னோசையைக் கேட்பது.

கடத்தல் சோதனையின் பலவீனம் நரம்பின் மேல் பகுதியில் இருக்கிறது. அக்குளுக்கு மேலே, காரையெலும்புக்குப் பின்னால், கழுத்துத் தசைகளுக்கு அடியில் நரம்பு ஆழமாகப் போய்விடுகிறது. அங்கே முழு வீச்சில் மின்தூண்டல் கொடுப்பது நோயாளிக்கு வேதனை. அவ்வளவு கொடுத்தும் எல்லா இழைகளும் தூண்டப்பட்டனவா என்பது உறுதியில்லை. பதில் குறைந்தால் அது உண்மையான தடையா, நம் தூண்டல் போதவில்லையா? எம்.எம்.என். நோயின் தடை பல நேரம் அந்த எட்டாத இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கீழே அளந்ததெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அறிக்கை எழுதி, மருத்துவம் உள்ள நோயாளியை மருத்துவம் இல்லாத வரிசையில் நிறுத்திவிடும் விபத்து நடப்பது இங்கேதான்.

அல்ட்ராசவுண்டுக்கு அந்த இடம் எட்டும். கழுத்தில் அந்த நரம்புகள் தோலிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கின்றன.

வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் வளைந்த புரோப் இதற்கு உதவாது. பன்னிரண்டு முதல் பதினெட்டு மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் நேர்முகப் புரோப் வேண்டும். ஒலி நம் உடலுக்குள் வினாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகிறது; பதினைந்து மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் நரம்பின் உள்ளமைப்பே தெரிகிறது. அதிர்வெண் கூடக்கூட ஆழம் குறையும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. முதுகெலும்புக்குள் இருக்கும் வேர்ப் பகுதியை எந்தப் புரோப்பாலும் பார்க்க முடியாது.

ஒரு நடுவயதுத் தையற்காரரின் கையை ஸ்கேன் செய்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கட்டின் உட்புறம் ஜெல் தடவிப் புரோப்பைக் குறுக்காக வைத்ததும் சின்னச் சின்ன வட்டங்கள் கூட்டமாகத் தெரியும். எது நரம்பு? வீட்டில் 'நரம்பு' என்று நாம் கைகாட்டுவது பெரும்பாலும் புறங்கையில் பச்சையாக ஓடும் இரத்தக் குழாயை. திரையில் அந்தக் குழப்பம் ஒரு நொடியில் தீரும்: புரோப்பை இலேசாக அழுத்தினால் சிரை நசுங்கி மறையும், நரம்பு நசுங்காது. தசைநாணும் நரம்பு மாதிரியே தெரியும். புரோப்பைக் கொஞ்சம் சாய்த்தால் நாண் பளிச்சென்பதிலிருந்து சட்டென்று இருண்டுவிடும், நரம்பு அவ்வளவு மாறாது. முழங்கையை நோக்கி நகர்த்தினால் நாண்கள் ஒவ்வொன்றாகத் தசைக்குள் கரைந்துபோகும். மீடியன் நரம்பு மட்டும் தொடர்ந்து கூடவே வரும். தேனடையைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் உருவம்: கரிய புள்ளிகளாக நாரிழைக் கட்டுகள், அவற்றைச் சுற்றி வெண்ணிற உறை.

நடு முன்கையில் நிறுத்தி, வெண்ணிற உறையின் உள்விளிம்பை ஒட்டிச் சுட்டியால் கோடு வரைந்தால் இயந்திரம் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் சொல்லும். அடுத்தது மேற்கை, மேற்கைத் தமனியின் பக்கத்திலேயே நரம்பு படுத்திருக்கும், தமனி துடிப்பதால் வழி தவறாது. பிறகு கழுத்து. "அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கண்ணே, தோளைத் தளர விடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரையெலும்புக்கு மேலே புரோப்பை வைத்தால், முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு தசைகளுக்கு நடுவே கரிய வட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, தெருமுனைச் சிக்னல் விளக்குகள்போல, அடுக்கி நிற்கும். கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் அது. தோளுக்கு மயக்க ஊசி போடும் மயக்கவியல் மருத்துவர்கள் இதே காட்சியைத் தினந்தோறும் பார்க்கிறார்கள். எந்த வட்டம் எந்த வேர் என்று எண்ணுவதற்கும் வழி உண்டு: ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்புகளின் பக்க முனையில் முன்னும் பின்னும் இரண்டு முட்டுகள் இருக்கும், ஏழாவதில் முன்முட்டு இருக்காது. அந்த முட்டு இல்லாத இடத்தில் நிற்கும் நரம்பு ஏழாம் வேர்.

தையற்காரருக்கு எம்.எம்.என். இருந்தால் அந்த வட்டங்களில் ஒன்றோ இரண்டோ வீங்கியிருக்கும். தேனடைக் கோலம் கலைந்து உள்ளே கருமை படர்ந்திருக்கும். முன்கையில் ஒல்லியாக வந்த நரம்பு மேற்கையில் திடீரென்று பருத்து, மறுபடி இளைக்கும். எதிர்ப்புச் சக்தி நரம்பைத் தாக்கும்போது ஏற்படும் நீர்க்கோப்பும், உறை சிதைந்து சிதைந்து மறுபடி வளர்வதும் இந்தப் பருமனுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஏ.எல்.எஸ். என்றால் மணிக்கட்டிலிருந்து கழுத்துவரை நரம்பு பழைய பருமனிலோ, சற்று இளைத்தோ ஒரே சீராகப் போகும். மொத்தமாக இருபது நிமிட வேலை.

இதற்கான சான்றுகள் ஒரே நாளில் குவிந்தவை அல்ல. கை கால் நரம்புகளை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம் என்று ஃபோர்னாஜ் எழுதியது 1988-இல், எம்.எம்.என். பெயர்பெற்ற அதே ஆண்டு. அடுத்த பத்தாண்டுகளில் மணிக்கட்டு நரம்பு நெரிசலுக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் பயன்பட்டது. இரண்டு கதைகளும் சந்தித்தது நெதர்லாந்தில். அங்கே பீக்மனும் அவருடைய உட்ரெக்ட் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எம்.எம்.என். உள்ள 21 பேரில் 19 பேரிடம் கை நரம்புகளிலோ கழுத்துப் பின்னலிலோ பல இடங்களில் தடிப்பு இருந்தது. முக்கியமான செய்தி இன்னொன்று: மின்சோதனை ஒழுங்காக இருக்கிறது என்று சொன்ன இடங்களிலும் நரம்பு தடித்திருந்தது.

எம்.எம்.என். நோயாளிகளையும், கீழ் நரம்பணு மட்டுமே பாதிக்கப்பட்டதுபோல் தோன்றும் மோட்டார் நியூரான் நோயாளிகளையும் நேருக்குநேர் ஒப்பிட்ட ஆய்வுகள் பிறகு வந்தன. ஜெர்மானிய மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்டது அவற்றில் முக்கியமானது. இரண்டு நோய்களையும் நரம்பின் பருமன் தெளிவாகவே பிரித்தது. எங்கெங்கே அளக்க வேண்டும், எத்தனைக்கு மேல் போனால் தடிப்பு என்ற கேள்விக்கு உட்ரெக்ட் குழுவே 2017-இல் சுருக்கமான விடை தந்தது. மீடியன் நரம்பு முன்கையில் 10 சதுர மில்லிமீட்டருக்கு மேல், மேற்கையில் 13-க்கு மேல், கழுத்துப் பின்னலின் எந்தத் தண்டும் 8-க்கு மேல். இரண்டு கைகளிலும் இந்தச் சில இடங்களை மட்டும் பார்த்தால் போதும். உடல் முழுதும் நரம்பு நரம்பாகத் தேட வேண்டியதில்லை என்று அவர்கள் காட்டியது, இந்தச் சோதனையை ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து புறநோயாளிப் பிரிவுக்குக் கொண்டுவந்தது. 2021-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், எம்.எம்.என். நோயின் பங்காளியான சி.ஐ.டி.பி. நோய்க்கு, மீடியன் நரம்பில் இதே எண்களை ஏற்று, நரம்பு வேருக்கு 12 என்ற எண்ணையும் சேர்த்துக்கொண்டது.

என்னை அதிகம் பாதித்தது 2020-இல் உட்ரெக்ட்டிலிருந்தே வந்த தொடர் ஆய்வு. மின்சோதனை கைவிரித்து, ஸ்கேன் மட்டும் தடிப்பைக் காட்டிய நோயாளிகளுக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தேறினார்கள். பழைய விதிப்படி அவர்களுக்கு மருந்தே எழுதியிருக்க மாட்டார்கள். அதே ஆய்வில் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் மின்சோதனையில் மட்டும் அகப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒன்றை விட்டு மற்றதைப் பிடித்துக்கொள் என்று யாராவது சொன்னால் அந்த ஆய்வைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நரம்பு தடித்திருந்தால் எம்.எம்.என்.; அப்படியானால் நரம்பு இளைத்திருந்தால் ஏ.எல்.எஸ். என்று உறுதி செய்யலாமா? இந்தத் திசையில் நிறைய முயன்றுவிட்டார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மீடியன் நரம்பும் கழுத்து வேர்களும் மற்றவர்களைவிடச் சராசரியில் மெலிந்திருப்பதாகக் கண்டார்கள். சராசரி உண்மைதான், ஆனால் தனி மனிதருக்கு அது பயன்படவில்லை; நோயாளியின் எண்ணும் நலமானவரின் எண்ணும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. காரணம் நரம்பின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. வியன்னா அறுவை மருத்துவர்கள் 2017-இல் மனிதக் கை நரம்புகளில் இழைகளை எண்ணிப் பார்த்தபோது, உணர்ச்சி இழைகள் ஒன்பது என்றால் இயக்க இழை ஒன்றுதான் இருந்தது. பத்தில் ஒரு பங்கு இழைகள் முழுதாக அழிந்தாலும் கயிற்றின் பருமனில் எவ்வளவு குறையும்? ஆகவே மெல்லிய நரம்பைக் காட்டி ஏ.எல்.எஸ். என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஏ.எல்.எஸ். பக்கம் அல்ட்ராசவுண்டின் உண்மையான பலம் நரம்பில் இல்லை, தசையில் இருக்கிறது. அதே புரோப்பைத் தசைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ திரையைப் பார்த்திருந்தால், அமைதியான குளத்தில் மீன் திரும்பியதுபோல ஒரு மூலை சட்டென்று சுண்டி அடங்கும். சற்று நேரத்தில் வேறொரு மூலை. தோலுக்கு மேலே தெரியாத ஆழத்துத் துடிப்பும் அகப்படும். 1990-இலேயே அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் வாக்கர் இதை எழுதினார். அன்று கவனித்தவர்கள் குறைவு.

ஊசிச் சோதனை தன் முனையைச் சுற்றிய சிறு வட்டத்தைத்தான் கேட்கும். புரோப் பல சென்டிமீட்டர் அகலத்தை ஒரே பார்வையில் காட்டும், வலிக்காது, பத்துப் பதினைந்து தசைகளைப் பார்த்தாலும் நோயாளி சலித்துக்கொள்ளமாட்டார். இதன் முக்கியத்துவம் 2008-க்குப் பிறகு கூடியது. ஏ.எல்.எஸ். நோயை உறுதிசெய்ய 1994-இல் எழுதப்பட்ட எல் எஸ்கோரியல் விதிகள் கடுமையானவை. ஜப்பானின் அவாஜித் தீவில் கூடி உருவாக்கி 2008-இல் வெளியிட்ட விதிகள் தசைத் துடிப்புக்கும் ஊசிச் சான்றுக்குரிய மதிப்பைக் கொடுத்தன. அதையொட்டி 2011-இல் ஜப்பானிய மருத்துவர் மிசாவாவின் குழு 81 நோயாளிகளிடம் ஊசியையும் ஸ்கேனையும் ஒப்பிட்டது. நாக்கில் ஊசிக்கு ஒருவரிடமும் அகப்படாத துடிப்பு, ஸ்கேனில் 60 சதவீதத்தினரிடம் தெரிந்தது. ஊசி குத்திய நாக்கைத் தளர்வாக வைத்திருக்க யாரால் முடியும்! ஸ்கேன் துடிப்பையும் கணக்கில் சேர்த்தபோது, நோய் உறுதி அல்லது அநேகமாக உறுதி என்ற நிலைக்கு வந்தவர்கள் 48 சதவீதத்திலிருந்து 79 ஆனார்கள். ஆறு மாதம் காத்திருந்து திரும்ப வாருங்கள் என்று அனுப்பப்பட்டிருக்க வேண்டிய பலருக்கு அன்றைக்கே விடை கிடைத்தது. விடை கசப்பானதுதான். ஆனாலும் என்ன நோய் என்று தெரியாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் ஒரு வருடத்தைவிட அந்தக் கசப்பு மேல் என்று நோயாளிகளின் குடும்பத்தார் சொல்லக் கேட்கலாம்.

துடிப்பு மட்டும் தெரிந்தால் பயந்துவிடக் கூடாது. நலமானவர்களின் கெண்டைக்காலில் துடிப்பு சாதாரணம். அதிகம் உழைத்த நாளிலும் தூக்கம் கெட்ட நாளிலும் கண்ணிமைகூடத் துடிக்கும். எம்.எம்.என். நோயிலும் துடிப்பு உண்டு. பலம் குறையாத ஒருவர் இணையத்தில் படித்துவிட்டு வந்து ஸ்கேன் கேட்டால், அவருக்குத் தேவை நிதானமான ஒரு பேச்சு. பல தசைகளில், உடலின் பல பகுதிகளில், மேற்கையிலும் உடற்பகுதியிலும் நாக்கிலுமாகப் பரவி, பலக்குறைவோடு சேர்ந்து நிற்கும் துடிப்புக்குத்தான் பொருள் உண்டு.

தடிப்புக்கும் அப்படித்தான். மணிக்கட்டிலும் முழங்கைக்குப் பின்னாலும் நரம்பு நெரிபடும் இடங்களில் எத்தனையோ பேருக்கு வீக்கம் இருக்கும். தையல், தச்சு, தட்டச்சு என்று கை ஓயாமல் வேலை செய்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். சர்க்கரை நோயும் நரம்பைத் தடிக்க வைக்கும். பரம்பரையாக வரும் ஷார்கோ-மேரி-டூத் நோயின் ஒரு வகையில் கை கால் நரம்புகள் எல்லாம் சீராக, முன்கையில் பார்த்ததுமே வியக்கும்படி, பருத்திருக்கும். அதனால்தான் உட்ரெக்ட் குழு நெரிபடும் இடங்களைத் தவிர்த்து நடு முன்கையையும் மேற்கையையும் கழுத்தையும் தேர்ந்தெடுத்தது. அளப்பவர் கையைப் பொறுத்து எண் மாறும். புரோப் கொஞ்சம் சாய்ந்தாலே வட்டம் நீள்வட்டமாகிப் பரப்பு கூடிவிடும். உயரமும் எடையும் வேறான நம் மக்களுக்கு ஐரோப்பிய எண்ணை அப்படியே பொருத்துவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 8-க்கும் 9-க்கும் நடுவே நிற்கும் ஓர் எண்ணை வைத்து ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் ஊர்க்காரர்களை அளந்து தனக்கென்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும்.

தென்னிந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது, ஏனென்றால் இங்கே சூம்பிய கைக்குக் காரணங்கள் அதிகம். சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970-இல் ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தார்கள். இளம் வயதிலேயே கை கால் சூம்பி, முகமும் நாக்கும் தளர்ந்து, காதும் கேளாமல் போகும் சிலர், மோட்டார் நியூரான் நோய் என்று பேர் இருந்தும் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று உலகப் பாடநூல்களில் இடம்பெற்றிருப்பது இதுதான். பதினெட்டு இருபது வயதுப் பையன்களுக்கு ஒரு கை மட்டும் சூம்பும் ஹிராயாமா நோய், 1959-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது, இந்தியாவிலும் நிறையவே பார்க்கக் கிடைக்கிறது. குளிரில் விரல் விறைக்கும்; இரண்டு மூன்று வருடத்தில் நோய் தானே நின்றுவிடும். கழுத்தைக் குனியவைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில்தான் அது பிடிபடும். இந்த இரண்டிலும் அல்ட்ராசவுண்ட் சொல்லக்கூடியது, நரம்பு தடிக்கவில்லை என்பது மட்டுமே. கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் நசுங்குவதற்கும் எம்.ஆர்.ஐ. தவிர வேறு வழியில்லை.

தொழுநோய் இங்கே தனியாகப் பேச வேண்டியது. நரம்பைத் தொட்டுப் பார்க்கும் வித்தையை இந்திய மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். முழங்கைக்குப் பின்னால், எலும்பின் பள்ளத்தில், அல்நார் நரம்பை ஆள்காட்டி விரலால் உருட்டிப் பார்த்து, கயிறுபோல் இருக்கிறதா நூல்போல் இருக்கிறதா, அமுக்கினால் நோயாளி முகம் சுளிக்கிறாரா என்று பார்ப்பது தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. பால் பிராண்டு வேலூரில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியதும், கரிகிரியில் ஆராய்ச்சி மையம் எழுந்ததும் அந்தத் தடித்த நரம்பின் கதையைச் சேர்ந்தவை. தோலில் தேமலே இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் தொழுநோய் ஒன்றுண்டு. உணர்ச்சிக் குறைவு சொற்பமாக இருந்தால் கைச் சூம்பல் மட்டுமே கண்ணில் படும். முழங்கைக்குச் சற்று மேலே மிகுதியாகத் தடித்து, உள்ளே இரத்த ஓட்டம் கூடியிருப்பதை டாப்ளர் வண்ணத்தில் காட்டும் ஸ்கேன் அப்போது தோல் மருத்துவரை நோக்கி விரல் நீட்டும். ஹைதராபாத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, விரலுக்கு எட்டாத தடிப்பையும் புரோப் கண்டுபிடிப்பதைக் காட்டியது. அல்ட்ராசவுண்டை நான் அந்நியக் கருவியாகப் பார்க்காததற்கு இதுவே காரணம். நம் ஆசிரியர்களின் விரல் நுனி செய்த வேலையைத்தான் அது கழுத்துவரை கொண்டுபோகிறது.

அப்படியிருந்தும் நம் மருத்துவமனைகளில் மோட்டார் நரம்பு நோய் என்று சந்தேகிக்கப்படும் எல்லோருக்கும் இது செய்யப்படுவதில்லை. இயந்திரம் இல்லாமலா? மயக்கவியல் துறையிலும் கதிரியக்கத் துறையிலும் தகுந்த புரோப்போடு நிற்கிறது. ஆனால் இந்தியாவில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் இடத்தோடும் ஆளோடும் பதிவு செய்யப்பட வேண்டும். பெண் சிசுக்களைக் காக்க எழுந்த சட்டம். அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. நரம்பியல் துறை தனக்கென்று ஓர் இயந்திரம் வைத்துக்கொள்ள அந்த நடைமுறை முழுவதையும் கடக்க வேண்டியிருக்கிறது. பலர் கதிரியக்கத் துறைக்குச் சீட்டெழுதி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே கேள்வி தெரியாமல் ஸ்கேன் எடுக்கப்படும். 'மீடியன் நரம்பு இயல்பாக உள்ளது' என்று மணிக்கட்டை மட்டும் பார்த்து அறிக்கை வரும். கழுத்தைப் பாருங்கள், இரண்டு கைகளையும் ஒப்பிடுங்கள் என்று சீட்டில் ஒரு வரி எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும். கையைச் சோதித்த மருத்துவரே புரோப்பையும் பிடித்தால் மீதியும் தீரும்.

இன்னும் இரண்டு பயன்களைச் சொல்லாமல் விடக் கூடாது. ஏ.எல்.எஸ். நோயாளிக்கு மூச்சு எப்போது தளரும் என்பதே குடும்பத்தின் பெரிய பயம். விலாவுக்குக் கீழே புரோப்பை வைத்து, மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் எவ்வளவு தடிக்கிறது என்று அளந்தால், மூச்சளவுச் சோதனைக் குழாயைப் பல்லால் கவ்வி ஊத முடியாதவருக்கும் ஒரு மதிப்பீடு கிடைக்கிறது. அடுத்தது, கடும் தோள்வலியோடு தொடங்கி, வலி போன பிறகு கை விழுந்துவிடும் பார்சனேஜ்-டர்னர் நோய். அதில் சில நேரம் நரம்பு உடுக்கையின் இடுப்புபோல ஓரிடத்தில் முறுக்கி இறுகியிருப்பதை ஸ்கேன் காட்டும். அறுவை மருத்துவர் அதைப் பிரித்துவிட வாய்ப்பு உண்டு.

தையற்காரரிடம் திரும்புவோம். அவருடைய கழுத்துத் தண்டு ஒன்று 11 சதுர மில்லிமீட்டர், மறுபக்கத்தில் அதே தண்டு 6. மின்சோதனையில் தடை எதுவும் அகப்படவில்லை. இப்போது என்ன செய்வது? கிலோவுக்கு 2 கிராம் கணக்கில், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம் இம்யூனோகுளோபுலின், சில நாட்களில் பிரித்து ஏற்ற வேண்டும். செலவு லட்சக்கணக்கில் போகும். எம்.எம்.என். என்றால் வாழ்நாள் முழுதும் அவ்வப்போது ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டை அடகு வைக்கச் சொல்வதற்கு முன்னால் மருத்துவருக்கு நிச்சயம் வேண்டும், ஸ்கேன் தருவது நிச்சயத்தை அல்ல, முயன்று பார்ப்பதற்கான நியாயத்தை. அந்த நியாயத்தை நோயாளியிடமும் மனைவியிடமும் திரையைக் காட்டியே சொல்லலாம்: இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க.

மருந்து ஏறிய பிறகு பலன் தெரிகிறதா என்பதை மறு ஸ்கேனில் தேட வேண்டாம். பலம் திரும்பியவர்களிடமும் தடித்த நரம்பு பெரும்பாலும் தடித்தபடியே இருக்கிறது. மருந்துக்கு முதல் நாள் பிடிமான அளவியைக் கையில் கொடுத்து, மூன்று முறை அழுத்தச் சொல்லி எண்களைக் குறித்துவைக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து அதே அளவி, அதே நாற்காலி, அதே கை. கூடவே அவருடைய கத்தரிக்கோலையும் ஒரு துண்டுத் துணியையும் எடுத்துவரச் சொல்வது நல்லது.